இரண்டாவது ஆசிலேட்டர் சேர்த்த பிறகு தார ஸ்தாயியில் சுருதி இறங்குகிறது: உதவி வேண்டும்

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் ஒரு சின்ன யூரோராக் மாடுலர் சிந்தசைசர் (தனித்தனி மாடுல்களைக் கேபிளால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னணு வாத்தியம்) வைத்திருக்கிறேன். 84 ஹெச்பி (மாடுல் அகலத்தின் அளவு) அகலம், ஒரே வரிசை. ஸ்வரங்களை வரிசையாக வோல்டேஜாக அனுப்பும் சீக்குவென்சர் (வோல்டேஜை ஸ்வரப் படிகளில் நிறுத்தும் குவான்டைசரோடு கூடியது), ஒலி எழுப்பும் அனலாக் ஆசிலேட்டர் ஒன்று, ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டர், சிக்னலின் அளவை வோல்டேஜால் கூட்டிக் குறைக்கும் விசிஏ இரண்டு, ஏறி இறங்கும் வோல்டேஜ் தரும் மேக் நாய்ஸ் மேத்ஸ் மாடுல், மிக்சருக்கு அனுப்ப ஒரு அவுட்புட் மாடுல். இவ்வளவுதான்.

நான் வாசிப்பது பெரும்பாலும் ராகம் சார்ந்த இசை. ஃபோனில் தம்புரா ஆப்பை 1 கட்டையில் ஓடவிட்டு, மாயாமாளவகௌளை ஸ்வரங்களைச் சீக்குவென்சரில் ஏற்றி, ஃபில்டரை மெதுவாகத் திறந்து மூடி வாசிப்பேன். ஒரே ஆசிலேட்டர் இருந்தவரை சுருதி பற்றிய கவலையே இல்லை. ஒலி கொஞ்சம் கனமாக வேண்டும் என்று இன்னொரு அனலாக் ஆசிலேட்டர் வாங்கி, முதலாவதற்கு ஒரு ஸ்தாயி கீழே வைத்தேன். சீக்குவென்சரின் பிட்ச் வோல்டேஜை (சுருதியைத் தீர்மானிப்பது, ஸ்தாயிக்கு 1 வோல்ட்) ஒரு பாஸிவ் மல்டிபிள் (ஒரு சிக்னலைப் பலவாகப் பிரிக்கும் இணைப்பு) வழியாக இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து தார ஸ்தாயி ஸ தம்புராவோடு நிற்கவில்லை. ட்யூனர் ஆப்பில் பார்த்தால், முதல் ஆசிலேட்டரில் மந்தர ஸ சரியாக இருக்கிறது, மத்ய ஸ சுமார் 12 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) கீழே, தார ஸ சுமார் 23 சென்ட் கீழே. விசித்திரம் என்னவென்றால், இரண்டு ஆசிலேட்டரும் ஒன்றோடொன்று நன்றாகவே சேருகின்றன. தம்புராவோடுதான் சேரவில்லை.

இரண்டையும் தனித்தனியாகச் சீக்குவென்சரில் நேரடியாக இணைத்து, பின்பக்கம் உள்ள ஸ்கேல் டிரிம்மரை (ஸ்தாயிக்கு எவ்வளவு வோல்டேஜ் என்பதைச் சரிசெய்யும் திருகு) திருகிச் சரிபார்த்துத்தான் பெட்டியில் ஏற்றினேன். புது ஆசிலேட்டரில் கோளாறா, பவர் போதவில்லையா? இன்னொன்றும் கேட்க வேண்டும்: பெட்டியில் 12 ஹெச்பி இடம் மிச்சம் இருக்கிறது. தம்புரா போல ஒலிக்க மூன்றாவது ஆசிலேட்டர் வாங்கலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா?

முதுநகர்:

நானும் கடலூர்தான். இந்த வெயிலில் மாடி அறையில் அனலாக் ஆசிலேட்டர் சுருதியில் நிற்பது கஷ்டம் தம்பி. வோல்டேஜைச் சுருதியாக மாற்றும் பகுதியில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வெப்பத்தைப் பார்த்து நடந்துகொள்பவை. ஈடுகட்டும் வசதி இல்லாத சர்க்யூட்டில் ஒரு டிகிரி செல்சியஸுக்குக் கிட்டத்தட்ட 0.33 சதவீதம் ஸ்கேல் மாறும். 10 டிகிரி ஏறினால் ஒரு ஸ்தாயிக்கு 40 சென்ட் வரை பிசகலாம். அதைச் சமன் செய்யத்தான் வெப்பத்துக்கேற்ப அதே அளவு மாறும் 3300 பிபிஎம் டெம்ப்கோ ரெசிஸ்டரை டிரான்சிஸ்டர் ஜோடியோடு ஒட்டி வைக்கிறார்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் ட்யூன் செய்து பாருங்கள்.

அதோடு நம் ஊர் உப்புக் காற்று. ஜாக்கெல்லாம் களிம்பு ஏறியிருக்கும், கான்டாக்ட் கிளீனர் அடித்துவிடுங்கள்.

லாஸ்பேட்டை (புதுச்சேரி):

முதுநகர் அண்ணன் சொன்ன வெப்பக் கணக்கு சரி. ஆனால் தம்பி சொல்லும் அறிகுறி அதோடு பொருந்தவில்லை. சுருதிக் கோளாறு எப்படி வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எல்லா ஸ்வரமும் ஒரே அளவு தள்ளி இருந்தால் அது ஆஃப்செட். ட்யூன் குமிழைத் திருப்பினால் போய்விடும். மேலே போகப் போக ஒரே விகிதத்தில் பிசகு கூடினால் அது ஸ்கேல். நேரம் ஆக ஆக நகர்ந்தால் வெப்பம். ஏதோ ஒன்று நடக்கும்போது மட்டும், உதாரணமாக மாடுலில் ஸ்வரம் தொடங்குவதைக் காட்டும் கேட் விளக்கு எரியும்போது மட்டும் ஆடினால், பவர் அல்லது கிரவுண்ட். உங்களுக்கு 0, 12, 23 என்று படி வைத்து இறங்குகிறது. இது ஸ்கேல் பிசகு. ஆனால் டிரிம்மர் சரியாகத்தான் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஆசிலேட்டருக்கு வந்து சேரும் வோல்டேஜே குறைகிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஜாக் களிம்பு ஏறினால் கரகரக்கும், விட்டு விட்டு ஒலிக்கும். இப்படிக் கணக்குப் போட்டு இறங்காது. இருந்தாலும் கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டியை மூடி வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பை போட்டு வைப்பது நல்லதுதான்.

முதலில் எதையும் வாங்க வேண்டாம். இரண்டு சோதனை செய்யுங்கள். மல்டிபிளிலிருந்து இரண்டாவது ஆசிலேட்டரின் கேபிளை மட்டும் உருவுங்கள். அந்த நொடியிலேயே முதலாவது ஆசிலேட்டரின் சுருதி ஏறுகிறதா என்று கேளுங்கள். அடுத்து சீக்குவென்சரை 3 வோல்ட்டில் நிறுத்தி, எதையும் இணைக்காமல் ஒரு முறை, ஒரு ஆசிலேட்டரோடு ஒரு முறை, இரண்டோடும் ஒரு முறை மல்டிமீட்டரில் அளந்து சொல்லுங்கள். சாதாரண மீட்டர் 20 வோல்ட் ரேஞ்சில் 0.01 வோல்ட் வரை காட்டும். அது 12 சென்ட்டுக்குச் சமம். உங்கள் விஷயத்துக்கு அந்த நுணுக்கமே போதும். மீட்டரின் சொந்த இம்பீடன்ஸ் (உள் மின்தடை) பொதுவாக 10 மெகாஓம் என்பதால் அது இழுப்பது கணக்கில் வராது.

முத்தியால்பேட்டை:

பவரையும் கூட்டிப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு மாடுலும் +12, −12 வோல்ட் இரண்டிலும் எத்தனை மில்லிஆம்ப் இழுக்கிறது என்று தயாரிப்பாளர் கொடுத்திருப்பார். கூட்டுத்தொகை சப்ளை தரும் அளவில் முக்கால் பங்குக்குள் இருக்கட்டும். +12-ஐ மட்டும் பார்த்துவிட்டு −12-ஐ மறந்துவிடாதீர்கள். சின்ன சப்ளைகளில் பல நேரம் −12 பக்கம்தான் பலவீனமாக இருக்கும்.

கெடிலக்கரை:

லாஸ்பேட்டை அக்கா, செய்து பார்த்தேன். கேபிளை உருவியதும் முதலாவது ஆசிலேட்டர் சட்டென்று தம்புராவோடு போய் நின்றது! மறுபடி செருகினால் இறங்குகிறது. ஒலி எதுவும் எடுக்காமல், வெறுமனே பிட்ச் கேபிளைச் செருகினாலே இப்படி ஆகிறது.

அளவுகள்: எதையும் இணைக்காமல் 3.00. ஒன்றோடு 2.97. இரண்டோடும் 2.94.

பவர் கூட்டினேன், இரண்டு பக்கமும் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அரை மணி நேரம் ஓடவிட்டும் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. வோல்டேஜ் ஏன் குறைகிறது? சீக்குவென்சர் கெட்டுவிட்டதா?

லாஸ்பேட்டை:

எதுவும் கெடவில்லை. மூன்று மாடுலும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றன. சிக்கல் இணைப்பில்தான்.

யூரோராக்கில் பல மாடுல்களின் அவுட்புட்டில் சுமார் 1 கிலோஓம் ரெசிஸ்டர் தொடரில் இருக்கும். தவறுதலாக இரண்டு அவுட்புட்டைச் சேர்த்துவிட்டாலும் எரியாமல் காக்கும் ரெசிஸ்டர் அது. இன்புட் பக்கம் வழக்கமாக 100 கிலோஓம். ஒரு ஆசிலேட்டரை இணைத்தால் 3 வோல்ட் 1-க்கு 100 என்ற விகிதத்தில் பிரிகிறது. ஆசிலேட்டருக்குக் கிடைப்பது 3 × 100 ÷ 101, அதாவது 2.97. இரண்டாவதையும் இணைத்தால் இரண்டு 100 கிலோஓம் பக்கவாட்டில் சேர்ந்து 50 கிலோஓம் ஆகிவிடும். இப்போது 3 × 50 ÷ 51, அதாவது 2.94. உங்கள் மீட்டர் இதையேதான் காட்டியிருக்கிறது.

ஃபில்டருக்கோ விசிஏவுக்கோ போகும் வோல்டேஜில் ஒரு சதவீதம் குறைந்தால் காதுக்கே தெரியாது. பிட்ச் அப்படியில்லை. ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்ற கணக்கில் அரை ஸ்வரத்துக்கே 83.3 மில்லிவோல்ட்தான், ஒரு சென்ட்டுக்கு 0.83. ஒரு சதவீதம் குறைந்தால் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 12 சென்ட் போய்விடும். இரண்டு ஆசிலேட்டரும் ஒரே குறைந்த வோல்டேஜைப் பெறுகின்றன, அதனால்தான் தங்களுக்குள் சேர்ந்து, தம்புராவை விட்டு விலகுகின்றன. முதல் பதிவில் நீங்கள் அதை எழுதியபோதே எனக்கு மல்டிபிள் மேல் சந்தேகம்.

தீர்வு இரண்டு. செலவில்லாதது: இரண்டு கேபிளும் செருகியபடியே இரண்டு டிரிம்மரையும் மறுபடி சரிசெய்வது. ஆனால் என்றைக்காவது ஒன்றை உருவினால் மற்றது ஏறிவிடும். பேட்சை (கேபிள் இணைப்புகளை) அடிக்கடி மாற்றி வாசிப்பவருக்கு அது சரிப்படாது. இன்னொன்று பஃபர் மல்டிபிள். பாஸிவ் மல்டிபிள் வெறும் கம்பி இணைப்பு. பஃபரில் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ஒரு ஆப்ஆம்ப் (பெருக்கி சர்க்யூட்) இருக்கும், பாரத்தை அது ஏற்றுக்கொள்ளும், சீக்குவென்சர் வரை போகாது. டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-180-3 போல அகலம் குறைந்தவை நிறைய இருக்கின்றன. 1990-களின் நடுவில் ஏ-100 வரிசையோடு இந்த யூரோராக் வடிவத்தையே தொடங்கி வைத்தவர்கள் அவர்கள்தான்.

ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் டிரிம்மர்கள் 2.97 வந்தால் மூன்று ஸ்தாயி என்று பழகியிருக்கின்றன. பஃபரிலிருந்து முழு 3.00 வந்தால் இந்த முறை சுருதி ஏறும். பயந்துவிடாதீர்கள், ஒரு முறை மறுபடி டிரிம் செய்துவிட்டால் நின்றுவிடும்.

வில்லியனூர்:

மூன்றாவது ஆசிலேட்டர் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வாய்ப்பாட்டு பயின்றவன், இப்போது மாடுலரில்தான் அதிக நேரம் போகிறது.

வேண்டாம் தம்பி. தம்புராவுக்கு ஆப் நன்றாகவே இருக்கிறது. உங்களுக்கு அடுத்து தேவைப்படுவது ஸ்வரத்தை அசைக்கும் வழி.

பஃபர் வந்ததும் இன்னொரு விஷயம் காதில் உறுத்தத் தொடங்கும். மாயாமாளவகௌளையின் அந்தர காந்தாரத்தைக் குவான்டைசர் 400 சென்ட்டில் நிறுத்தும். தம்புராவின் ஸ தந்தியிலேயே ஐந்தாவது ஹார்மோனிக்காக ஒரு க ஒலித்துக்கொண்டிருக்கிறது, அது 386-ல் இருக்கிறது. 14 சென்ட் வித்தியாசம். ப-வில் 2 சென்ட்தான், அது பெரிதாகத் தெரியாது. நீட்டிப் பிடிக்கும் க நிச்சயம் தெரியும். அதைக் கோளாறு என்று நினைத்து மறுபடி டிரிம்மரைத் தொட்டுவிடாதீர்கள்! சில குவான்டைசர்களில் நாமே ஸ்கேல் எழுதலாம். இல்லையென்றால் ஒரு பிரிசிஷன் ஆடர் (வோல்டேஜ்களைப் பிசகாமல் கூட்டும் மாடுல்) வாங்கி, க வரும் படியில் மட்டும் 11.7 மில்லிவோல்ட் குறைக்கலாம்.

கமகத்துக்கும் அதே ஆடர்தான் வழி. ஜாருவுக்கு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதற்கு) உங்களிடம் மேத்ஸ் இருக்கிறதே. குவான்டைசருக்குப் பின்னால் அதன் 1-ஆம் சேனல் சிக்னல் இன்புட்டில் பிட்சைக் கொடுத்து, ரைஸ், ஃபால் (ஏறும், இறங்கும் நேரம்) இரண்டையும் லேசாகத் திருப்பி, அளவை மாற்றாமல் தரும் யூனிட்டி அவுட்புட்டிலிருந்து எடுங்கள். குவான்டைசருக்கு முன்னால் வைத்தால் வழுக்கல் படிப்படியாக வெட்டுப்பட்டுவிடும். மேத்ஸ் வழியாகப் போனபிறகும் 2 வோல்ட் 2 வோல்ட்டாகவே வருகிறதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

ரி, த இரண்டிலும் கம்பிதம் (ஸ்வரத்தை ஆட்டுவது) வேண்டுமென்றால் மேத்ஸின் 4-ஆம் சேனலை சைக்கிளில் (தானாகத் திரும்பத் திரும்ப ஓடும் நிலையில்) விட்டு மெதுவான அலையாக்குங்கள். அந்த அலை சில வோல்ட் உயரம் இருக்கும், அப்படியே சேர்த்தால் சுருதி ஸ்தாயி ஸ்தாயியாகத் தாவும். நமக்கு வேண்டியது 80 மில்லிவோல்ட்டுக்குள். ஒரு அட்டெனுவேட்டரில் (சிக்னலின் அளவைக் குறைக்கும் குமிழில்) அந்த அளவைப் பிடிப்பது கஷ்டம், குமிழ் மயிரிழை நகர்ந்தாலே அளவு மாறிவிடும். இரண்டு அட்டெனுவேட்டரைத் தொடராக வைத்தால் விரலுக்கு அடங்கும். அப்புறம் ஆட்டம் எப்போதும் ஓடக்கூடாது. ஒரு விசிஏ வழியாக விட்டு, ரி, த வரும் படிகளில் மட்டும் திறக்க வேண்டும். இதற்கே உங்கள் விசிஏ ஒன்று போய்விடும், ஆக 12 ஹெச்பியில் பஃபர், ஆடர் இரண்டும் போக இடம் இருந்தால் இன்னொரு விசிஏ போடுங்கள். எனக்குத் தெரிந்து ராகம் வாசிக்க நினைப்பவருக்கு ஆசிலேட்டரைவிட விசிஏதான் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

கெடிலக்கரை:

இவ்வளவு விளக்கமாக எழுதிய எல்லோருக்கும் மிக்க நன்றி. கம்பிதத்தை விசிஏ வழியாக விடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பஃபரை நானே சால்டர் செய்யலாமா? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கவரியும் சேர்ந்து எகிறுகிறது. டிஎல்072 ஆப்ஆம்ப் சிப் கைவசம் இருக்கிறது.

லாஸ்பேட்டை:

தாராளமாகச் செய்யலாம். டிஎல்072-ல் சில மில்லிவோல்ட் ஆஃப்செட் இருக்கும். அது எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவு என்பதால் ட்யூன் குமிழிலேயே சரியாகிவிடும். கவனிக்க வேண்டியது அவுட்புட்டின் 1 கிலோஓம் ரெசிஸ்டர். அதை ஃபீட்பேக் வளையத்துக்குள் (அவுட்புட்டை ஆப்ஆம்பின் மைனஸ் இன்புட்டுக்குத் திருப்பும் பாதைக்குள்) வைக்க வேண்டும், அதாவது ஃபீட்பேக்கை ரெசிஸ்டரைத் தாண்டி ஜாக் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். வெளியே விட்டுவிட்டால் அதே ஒரு சதவீதம் மறுபடி வந்துவிடும். நீளமான கேபிளில் ஆப்ஆம்ப் தானாக ஊசலாடாமல் இருக்க, அதன் அவுட்புட் காலிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு ஒரு சின்ன கபாசிட்டரும், ஃபீட்பேக் பாதையில் ஒரு ரெசிஸ்டரும் போடுங்கள். ஒரு இன்புட்டுக்கு இரண்டு அவுட்புட் என்றால் ஒரே சிப் போதும். சென்னை போனால் ரிச்சி தெருவில் மற்ற பாகங்கள் எல்லாம் கிடைக்கும்.

கெடிலக்கரை:

செய்து முடித்துவிட்டேன். அக்கா சொன்னபடியே முதலில் ஒரு ஸ்தாயிக்கு 12 சென்ட் ஏறியது. அரை மணி நேரம் சூடேறவிட்டு, 0 வோல்ட்டில் ட்யூன் குமிழ், 2 வோல்ட்டில் டிரிம்மர் என்று மாற்றி மாற்றித் திருகினேன். இப்போது மூன்று ஸ்தாயியிலும் ஸ அசையவில்லை, கேபிளை உருவினாலும் செருகினாலும் ஒன்றுதான். க மட்டும் தம்புராவுக்கு மேலே நிற்பது இப்போது தெளிவாகக் கேட்கிறது. ஆடர் ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

முத்தியால்பேட்டை:

மகிழ்ச்சி. ஆடர் வந்ததும் அவசரப்பட்டு மாட்டாதீர்கள். பவரை அணைத்துவிட்டு, மாடுலுக்குப் பவர் தரும் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு போர்டில் −12 என்று குறித்த பக்கம் இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் பாருங்கள். சில மாடுல்களில் திருப்பி மாட்டினால் காக்கும் டயோடு இருக்காது.