லானோ டெல் ரியோவில் பெண்களுக்கு அடுப்படியே கிடையாதாமே?

மலர்_கு:
கலிபோர்னியாவில் 1914இல் சோசலிஸ்டுகள் தொடங்கிய லானோ டெல் ரியோ கூட்டுறவுக் குடியிருப்பைப் பற்றி எங்கே படித்தாலும் "சமையலறை இல்லாத வீடு" என்று வருகிறது. அப்படியென்றால் சாப்பாடு எங்கிருந்து வரும்? பத்துப்பாத்திரம் யார் தேய்ப்பது?

செங்கல்சூளை:
அந்த வீட்டை வரைந்தவர் ஆலிஸ் கான்ஸ்டன்ஸ் ஆஸ்டின். முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்ல, தானே கற்றவர். 10,000 பேருக்கான வட்ட வடிவ நகரம் அவருடைய திட்டம். நடுவிலுள்ள பொது அடுப்படியில் சமைத்த சாப்பாடு, சுரங்கத்தில் ஓடும் சின்ன மின்சார வண்டிகளில் ஏறி வீட்டுப் பக்கம் வரும். முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எச்சில் பாத்திரத்தை அதே வழியில் திருப்பி அனுப்பிவிடலாம். அழுக்குத் துணிக்கும் அதே சுரங்கம்தான். தண்ணீர், எரிவாயு, மின்சாரம், தொலைபேசி எல்லாம் அதற்குள்ளேயே போவதால், பழுது பார்க்கத் தெருவைத் தோண்ட வேண்டாம்.

வீட்டுக்குள்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரியும். கம்பளம் விரித்தால் தூசி தட்ட வேண்டும், அதனால் சூடேற்றிய ஓட்டுத்தரை. திரைச்சீலை தொங்கினால் துவைக்க வேண்டும், அதனால் ஜன்னல் சட்டத்திலேயே அலங்காரம். கட்டிலுக்கடியில் குனிந்து பெருக்காமலிருக்க, உருட்டித் தள்ளிவிடும் கட்டில். மேஜை, அலமாரியெல்லாம் சுவரோடு சேர்த்தே கட்டுவது.

பாலைக்கிணறு:
சரி, ஆனால் அந்த நகரம் கட்டப்படவே இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். உண்மையில் அங்கே பெண்கள் இருந்தது கூடாரத்திலும் பச்சைமண் செங்கல் வீட்டிலும். வேலை என்று பார்த்தால் சலவை, பள்ளிக்கூடம், வழக்கமான வீட்டு வேலை. மான்டிசோரி பள்ளி இருந்தது ஒரு ஆறுதல்.

பணக்கணக்கு இது: ஓர் உறுப்பினருக்கு 2,000 பங்கு, பங்கு 1 டாலர். எந்த வேலைக்கும் நாளுக்கு 4 டாலர் கூலி, அதில் 1 டாலர் பங்குக்குப் பிடித்தம். கூலி பெரும்பாலும் ஏட்டில் வரவுதான், கையில் காசு புரளாது. சுரங்கம் வெட்ட முதல் எங்கே?

இன்னொன்று, வெள்ளையர் அல்லாதவரை அவர்கள் சேர்க்கவில்லை. "எல்லாரும் சமம்" என்பதற்குள் யார் வந்தார்கள் என்று பார்க்காமல் பாராட்டக் கூடாது.

மலர்_கு:
சுரங்கத்தை விட்டுவிட்டு, பொது அடுப்படியை மட்டும் வைத்திருக்கலாமே?

செங்கல்சூளை:
குடியிருப்பில் கட்டியிருந்த ஓட்டலில் பொதுச் சாப்பாட்டுக்கூடம் இருந்தது. ஆனால் ஆஸ்டினின் வீடு சுரங்கத்தை நம்பி நிற்பது. அடுப்பில்லாத வீட்டைக் கட்டிவிட்டு சுரங்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், மூன்று வேளையும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டியது அதே பெண்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். பிக் ராக் ஓடை அத்தனை பேருக்குப் போதவில்லை, அணை கட்ட மாநில அனுமதியும் கிடைக்கவில்லை. 1917இன் கடைசியில் லூசியானாவுக்குப் பெயர ஆரம்பித்தார்கள். அங்கே குடியேறியது கைவிடப்பட்ட ஒரு மரஆலை ஊரில், ஆலைத் தொழிலாளருக்காக எப்போதோ கட்டிப்போட்ட வீடுகளில். ஆஸ்டினின் வரைபடத்துக்கு அங்கே வேலையே இல்லை.

பாலைக்கிணறு:
பழைய இடத்தில் அந்த ஓட்டலின் கல் தூண்களும் கணப்படுப்பும் இன்னும் நிற்கின்றன, 138ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில்.