வீட்டை விட்டு நகர முடியாதப்ப எடுத்த படம்: இன்னும் மனசுல நிக்கறது எது?

கோபி வாய்க்கால்மேடு

நேரா விசயத்துக்கு வர்றேனுங்க. போன வருசம் ஆடியில வண்டியிலிருந்து விழுந்து வலது கால் முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டில் ஜன்னலோரம். கையில இருந்தது அஞ்சு வருசப் பழைய செல்போன், அதுக்கு மாட்டற 250 ரூபா கிளிப் லென்ஸ்.

அந்த ஜன்னல் திண்டுல ஒரு குதிக்கற சிலந்தி குடியிருந்துச்சு. வலை கட்டாம, பூனையாட்டப் பதுங்கிப் பாயுமே, அதேதான். கறுப்பு உடம்பு, நடு முதுகுல வெள்ளைக் கோடு. கிளிப் லென்ஸ்ல படம் தெளியோணும்னா ரெண்டு விரக்கடை தூரத்துக்குப் போனைக் கொண்டு போகோணும். அதுக்குள்ள அது எங்கியோ போயிரும். பதினோரு நாள் எடுத்ததெல்லாம் மங்கல்.

பன்னெண்டாம் நாள் காலையில ஒரு ஈயைக் கவ்விட்டு நின்னுச்சு. தின்னும்போது அது அவ்வளவா நகராதுன்னு அன்னைக்குத்தான் கண்டுக்கிட்டேன். முழங்கையைத் திண்டுல ஊனி, மூச்சைப் புடிச்சுக்கிட்டு, போனை ஒரு நூல் முன்ன பின்ன ஆட்டிக்கிட்டே இருபது முப்பது படம். அதுல ஒண்ணே ஒண்ணு தெளிஞ்சிருச்சு. முன்னால இருக்கற ரெண்டு பெரிய கண்ணுலயும் எங்க வீட்டு ஜன்னல் தெரியுது, கம்பியோட. நாலு வாரமா நான் படுத்துட்டுப் பாத்துட்டிருந்த அதே ஜன்னல்.

அத்தோட விட்டிருக்கோணும். இன்னும் கொஞ்சம் நேரா திரும்பினா நல்லா இருக்கும்னு ஈர்க்குச்சியில லேசாத் தொட்டேன். ஈயைப் போட்டுட்டு ஒரே குதி. அதுக்கப்புறம் வரவே இல்லை. கட்டுப் பிரிக்கற வரைக்கும் அந்தத் திண்டைப் பாத்துட்டே படுத்திருந்தேன். படம் இருக்குதுங்க, ஆனா அதைத் திறந்தா ஈர்க்குச்சிதான் ஞாபகம் வருது. உங்களுக்கு இப்படி ஏதாச்சும் இருந்தா எழுதுங்க.

சோமனூர் தறிக்காரன்

கலைச்சுட்டமேன்னு நீங்க வருத்தப்படறீங்க. நான் எடுக்காம விட்டதுக்கு வருத்தப்படறவன்.

எங்களுக்கு வீடும் தறிக் குடோனும் ஒரே காம்பவுண்டு. மேல தகரக் கூரை, அதுல பழைய ஆணி ஓட்டைக. வெயில் ஏறினா ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழ ஒரு வட்டம் விழும். ஓட்டை கோணலா இருந்தாலும் கீழ விழறது வட்டந்தான், ஏன்னா அது சூரியனோட படம். இது எனக்கு 2019 டிசம்பர் 26 வரைக்கும் தெரியாது. அன்னைக்கு வளையச் சூரிய கிரகணம், நடுவுல மறைஞ்சு ஓரம் மட்டும் வளையமாத் தெரியறது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் முழு வளையம் தெரிஞ்சுதே, மறந்திருக்க மாட்டீங்க. ஒன்பதரை வாக்குல தறி ஓடிட்டிருக்குது, காடாத் துணி மேல பாத்தா வட்டமெல்லாம் வளையலாட்ட ஆயிருச்சு. துணி நகர நகர வளையல் மட்டும் நின்ன இடத்துலயே நிக்குது. அந்நேரம் பக்கத்துத் தறியில நூல் அறுந்துருச்சு, முடிச்சுப் போடப் போனேன். திரும்பி வந்தா வளையம் ஒரு பக்கம் விட்டுப் பிறையாயிருச்சு. போன் சட்டைப் பையிலயேதான் இருந்துச்சு.

அடுத்த கிரகணம் 2020 ஜூன் 21, நாயித்துக்கிழமை. கூலிக்கு நூல் வராம மூணு மாசமா தறி நின்ன நேரம். பாதி நெய்ஞ்ச காடா அப்படியே தறியில கிடந்துது. பத்து மணிக்கே போய் உக்காந்துட்டேன். நூல் சுத்தற காலிக் கோன் மூணை அடுக்கி அது மேல போனைச் சாத்தினேன். வெளிச்ச வட்டத்து மேல விரலை வச்சு அழுத்தினா சுத்தியும் இருட்டாயி வட்டம் மட்டும் தெளிவா வரும். இந்தத் தடவை நம்ம பக்கம் பாதிகூட மறையல. ஒரு ஓரம் கடிச்ச அதிரசமாட்ட முப்பது நாப்பது சூரியன், வெள்ளைத் துணி மேல. வானத்துல எந்தப் பக்கம் கடி விழுந்துதோ துணியில அதுக்கு எதிர்ப்பக்கம் விழுந்துருந்துது, ஓட்டை வழியா வர்ற படம் தலைகீழா விழறதுனால.

எங்கப்பா சத்தமில்லாம வந்து நின்னு பாத்துட்டு, கையை நீட்டினார். உள்ளங்கையில ஒரு சூரியன் ஏறி உக்காந்துச்சு. அம்பது வருசம் நூல் முடிஞ்ச கை, விரல் நுனியெல்லாம் காப்புக் காச்சிக் கிடக்குது. அதை எடுத்துட்டேன், அதுல சந்தோசம். வளையந்தான் போச்சு. 2031 மே 21ல மதுரைப் பக்கம் வளையம் தெரியுமாம். அங்க தகரக் கூரை போட்ட தறி எங்காச்சும் இருந்தா இப்பவே சொல்லி வைங்க.

பெருந்துறை மேக்ரோ

கோபி நண்பருக்கு. ஈர்க்குச்சியில தொட்டதுக்கே இவ்வளவு வருத்தப்படற ஆளு நீங்க. நான் செஞ்சதைக் கேளுங்க. 2020 ஏப்ரல்ல, ஒரு வீடியோவைப் பாத்துட்டு, பொடக்காலியில புடிச்ச கும்பிடுபூச்சியை டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சேன். குளிருல மரத்துப் போயி அசையாம நிக்கும், அப்புறம் வெயில் பட்டா எழுந்து போயிரும்னு அதுல சொல்லியிருந்தாங்க. படம் நல்லா வந்துது. பூச்சி எழுந்திரிக்கல. சாயங்காலம் வரைக்கும் வெயில்ல வச்சுப் பாத்தேன்.

அதனால சொல்றேன், பூச்சியைத் தொடாம எடுக்க வழி இருக்குது, செலவும் கம்மி. கிளிப் லென்ஸை விடுங்க. லென்ஸைக் கழட்டி மாட்டற பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஏதாவது இருந்தா அதோட வர்ற 18-55 எம்எம் ஜூம் லென்ஸையே முன்பக்கம் பின்பக்கமாத் திருப்பி மாட்டுங்க. அப்படி மாட்டறதுக்கான வளையத்தை ரிவர்ஸ் ரிங்னு கேளுங்க, சில நூறு ரூபாதான். திருப்பி மாட்டின லென்ஸை 18ல வச்சா ரொம்பப் பெருசாக் காட்டும், 55ல வச்சா கம்மியாக் காட்டும், நேரா மாட்டறதுக்கு அப்படியே எதிர். எடுத்தவுடனே 18க்குப் போகாதீங்க, ஒண்ணும் புரிபடாது. 55ல ஆரம்பிங்க. ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பிரயோசனம் இல்லை, உடம்பையே முன்ன பின்ன நகர்த்தோணும்.

நிக்கான் லென்ஸா இருந்தா, கழட்டினதுமே உள்ள வெளிச்சம் வர்ற துவாரம் மூடிக்கும். பின்னாடி ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைத் தீக்குச்சித் துண்டு வச்சுக் கொஞ்சம் திறந்து நிறுத்துங்க. கேனான் நேர் எதிர், கழட்டினா முழுசாத் திறந்தே நிக்கும். அதுக்கு முதல்ல நேரா மாட்டி, துவாரத்தை f/8ல வச்சு, டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டனை அழுத்திப் புடிச்சுக்கிட்டே லென்ஸைக் கழட்டினா அந்த 8லயே நின்னுக்கும். இந்த விசயம் தெரியாம நான் ரெண்டு மாசம் மங்கலாவே எடுத்துட்டிருந்தேன். லென்ஸோட பின்புறக் கண்ணாடி இப்ப வெளிய பாத்துட்டு இருக்கும், தூசியும் விரலும் படாமப் பாத்துக்கோங்க.

வெளிச்சத்துக்குப் பழைய வெள்ளை வேட்டி போதும். ஜன்னல்ல ரெண்டு மடிப்பாக் கட்டினா கூர் வெயில் பால் மாதிரி இறங்கும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. நேரம் விடியக்காலம். பனி ஈரத்துல தும்பி, வண்ணத்துப்பூச்சியெல்லாம் வெயில் ஏறற வரைக்கும் தானாவே அசையாது. ஃபிரிட்ஜுக்கு என்ன வேலைங்க? நாலே முக்காலுக்கு எழுந்து வாசல் செம்பருத்திச் செடியைப் பாத்தாப் போதும்னு அன்னைக்கு யாராச்சும் எனக்குச் சொல்லியிருந்தா அந்த டப்பாவையே தொட்டிருக்க மாட்டேன்.

பொள்ளாச்சி நந்தியாவட்டை

பெருந்துறை அண்ணா, லென்ஸ் கணக்கெல்லாம் சரிங்ணா. ஆனா கோபி அண்ணா கேட்டது லென்ஸ் இல்லீங்களே. மனசுல நிக்கறதைச் சொல்லச் சொன்னாரு. கும்பிடுபூச்சியைப் பத்தி நீங்க எழுதின அந்த நாலு வரியிலயே எனக்கு நெஞ்சு அடைச்சுது, அதுக்குள்ள ரிவர்ஸ் ரிங்குக்குப் போயிட்டீங்க.

என்னோடது 2021 ஜூன். கொரோனா ஊரடங்குல, பல மாவட்டத்துல டீக்கடை திறந்தும் நம்ம மேற்கு மாவட்டங்கள்ல திறக்காத அந்த வாரம். அம்மிச்சி, அம்மாவோட அம்மா, எங்க வீட்டுலதான் மாட்டிக்கிட்டாங்க, காங்கயத்துப் பக்கம் அவங்க ஊருக்குப் போக முடியல. ஆசாரத்துல உக்காந்து மொச்சை உரிச்சுட்டு இருந்தப்ப கையைப் படம் எடுத்தேன். மாமன் பையன் விட்டுட்டுப் போன பழைய கேமரா, 50 எம்எம் லென்ஸ்.

அம்மிச்சி முழங்கைக்குக் கீழ பச்சை குத்தியிருக்காங்க. நான் பொறந்ததுல இருந்து பாக்கறேன், வெறும் நீலத் திட்டாத்தான் தெரியும். வயசாக வயசாக மை தோலுக்குள்ள கசிஞ்சு பரவிரும். அவங்க சொல்ற கதை இதுதான்: கல்யாணத்துக்கு முன்னால, கண்ணபுரம் தேர் நோம்பியப்ப மாட்டுச் சந்தையில, ஒரு வள்ளம் கம்பு கொடுத்துத் தம்பி பேரைக் குத்திக்கிட்டாங்க. அந்தத் தம்பி அம்மை வந்து சின்ன வயசுலயே போயிட்டாங்க. அம்மிச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

படத்தை டிவியில போட்டுப் பெருசாக்கினேன். மயிர்க்கால், சுருக்கம், மொச்சைத் தோலோட ஈரம் எல்லாம் தெரியுது. திட்டுக்கு நடுவுல கோடும் புள்ளியும் பிரிஞ்சு தெரிய ஆரம்பிச்சுது. எழுத்தே இல்லீங்க. அஞ்சு புள்ளி, ஒரு வளைவு, எழுத்தாட்ட ஒரு சுழி. குத்தினவங்களுக்கும் எழுதத் தெரியாதோ என்னவோ. அம்மிச்சி பக்கத்துல வந்து நின்னு, "என்ன கண்ணு போட்டிருக்குது, படிச்சுச் சொல்லு"ன்னாங்க.

நான் தம்பி பேரைப் படிச்சேன். எழுத்துக் கூட்டி, விரல் வச்சு, மெதுவா.

அம்மிச்சி டிவியில கையை வச்சுத் தடவிப் பாத்தாங்க. படத்தைத் திரும்பக் கேமராவுக்குள்ளயே வச்சுட்டேன். வீட்டுல படிக்கத் தெரிஞ்ச யாருக்கும் காட்டல. செஞ்சது சரியான்னு இன்னும் தெரியல.

திருப்பூர் நடைபாதை

எல்லாரும் மன்னிக்கோணும். எனக்கு வீட்டுக்குள்ள எடுக்கறது போட்டோகிராஃபியாவே படல. வெள்ளோடு ஏரிக்கரையில விடியறதுக்கு முன்னால போய்க் காத்திருந்து, கை விறைச்சு, கடைசியில ஒரு படம் கிடைக்கும் பாருங்க, அதுதான். 2020ல நாலு மாசம் மொட்டை மாடியில, தூரத்துல இருக்கறதைக் கிட்டக் காட்டற டெலி லென்ஸோட உக்காந்திருந்தேன். பருந்து, காக்கா, தண்ணித் தொட்டி. ஒரு செம்போத்து மட்டும் தினமும் பக்கத்து வீட்டு முருங்கையில வந்து உக்காரும், சரியா இலை மறைவுல. ஒரு தடவையாச்சும் அந்தச் செக்கச் சிவந்த கண்ணு முழுசாத் தெரிஞ்சிருந்தா என் பேச்சு வேறயா இருந்திருக்கும்.

கரூர் மாடி ஜன்னல்

திருப்பூர்க்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உலகத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படமே ஒரு வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்ததுதான். பிரான்சில் நியெப்ஸ் 1827 வாக்கில் எடுத்தது. வெள்ளீயக் கலப்புத் தகட்டில் தார் போன்ற பூச்சைப் பூசி, மணிக்கணக்கில் ஜன்னலில் வைத்திருந்தார். பிராகில் யோசெஃப் சுடெக் என்று ஒருவர் இருந்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். நாஜிகள் ஊரைப் பிடித்திருந்த 1940ல் தொடங்கி 1954 வரை தன் ஸ்டுடியோ ஜன்னலையே எடுத்துக்கொண்டிருந்தார்: கண்ணாடியில் ஆவி, பனித்துளி, வெளியே ஒரு வளைந்த மரம். ஏரிக்கரையில் கை விறைப்பது மட்டும்தான் காத்திருப்பு என்று சொல்லாதீர்கள்.

என் விஷயம் எதிர்வீட்டு வாசல். பேசிப் பழக்கமில்லாத வீடு. 2020ல் தினமும் ஆறரைக்கு மாடி ஜன்னலிலிருந்து அந்த அக்கா போடும் கோலத்தை, மூலையில் கிடந்த பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்து வந்தேன். நாற்பதுக்கு மேல் சேர்ந்திருக்கும். ஒரு நாள் வாசல் வெறுமையாக இருந்தது. மதியம் ஆட்கள் வந்து கதவில் கொரோனா ஸ்டிக்கர் ஒட்டிப் போனார்கள். மறுநாளும் கோலம் இல்லை.

மூன்றாம் நாள் அவர் கணவர் முகக்கவசத்தோடு குனிந்து நின்றுகொண்டிருந்தார். கையில் கோலமாவு டப்பா. மாவைக் கிள்ளத் தெரியாமல் கொத்தாகக் கொட்டுகிறார். ஏழு புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் எட்டு விழுந்துவிட்டது. அப்போது அந்த வீட்டு வாசலை ஒட்டிய அறை ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டது. வளையல் போட்ட கை. விரலை ஆட்டி, இல்லை, அந்தப் பக்கம், இன்னும் கீழே என்று காட்டுகிறது. அவர் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்த நொடியில் அழுத்தினேன். முகம் சரியாகத் தெரியாது. கையும், கோணல் புள்ளிகளும், குனிந்து எழும் அந்த உடம்பும் தெரியும்.

அக்கா தேறிவிட்டார். இப்போது பேசிக்கொள்கிறோம், பலகாரம் வந்து போகிறது. அந்தப் படத்தைக் காட்ட மட்டும் வாய் வரவில்லை. தினமும் ஜன்னலிலிருந்து ஒருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள் என்பதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? பொள்ளாச்சித் தங்கை, நீங்கள் படித்துச் சொன்னது சரிதான் அம்மா.

திருப்பூர் நடைபாதை

கரூர் அக்கா, அந்தக் கையை நினைச்சுட்டே இன்னைக்கு முழுக்க இருந்தேனுங்க. காட்டுங்க அவங்களுக்கு. என் செம்போத்து விசயத்தை விட்டுருங்க.

பெருந்துறை மேக்ரோ

பொள்ளாச்சித் தங்கச்சி சொன்னதுல தப்பில்லை. அந்தப் பூச்சியைப் பத்திப் பேச வராமத்தான் லென்ஸுக்குப் போயிட்டேன். அந்தப் படத்தை இன்னைக்கு வரைக்கும் அழிக்கவும் மனசு வரல, யாருக்கும் அனுப்பவும் வரல.

கோபி வாய்க்கால்மேடு

எல்லாத்தையும் படிச்சேனுங்க. நேத்து அம்மா ஒட்டடை அடிக்கறப்ப கட்டில் பக்கத்துத் தினசரி நாள்காட்டியைக் கழட்டினாங்க. அட்டைக்குப் பின்னால நகத்தளவு ஒரு வெள்ளைப் பை, பட்டு நூலாட்ட. குதிக்கற சிலந்தி ராத்திரி தூங்கறதுக்கு இப்படித்தான் கூடு கட்டிக்கும். உள்ள ஒண்ணும் இல்லை. அது கட்டினதா, வேற ஏதாச்சும் வந்து கட்டினதான்னு சொல்ல முடியாது. ஆணியிலயே திரும்ப மாட்டச் சொல்லிட்டேன். தேதி கிழிக்கறப்ப அட்டையைக் கையில அழுத்திப் புடிச்சுக்கிட்டுக் கிழிக்கச் சொல்லியிருக்கறேன்.