மியூசியத்துக்கு தலைமை யாரு இருக்கணும், ஐஏஎஸ்ஸா இல்ல துறை ஆளா?

பாந்தியன்ரோடு_பையன்:
போன வாரம் எழும்பூர் மியூசியம் போனேன் (முதல் தடவை வெள்ளிக்கிழமை லீவுன்னு தெரியாம போய் கேட்டோட திரும்புனது தனிக்கதை). திருவெண்காடு அர்த்தநாரி வெண்கலச் சிலை முன்னாடி அரை மணி நேரம் நின்னுட்டு வீட்டுக்கு வந்து இத யாரெல்லாம் நடத்துனாங்கன்னு தேடிப் படிச்சேன். 1851ல ஆரம்பிச்சப்போ பால்ஃபர்னு ஒரு டாக்டர், அப்புறம் தர்ஸ்டன், கிரேவ்லி, 1940ல மானுடவியல் படிச்ச அய்யப்பன். இப்போ துறைக்கு தலைவரா ஐஏஎஸ் அதிகாரிய போடுறாங்க. சிலையப் பத்தி தெரியாதவங்க எப்படிங்க மியூசியத்த நடத்த முடியும்? டிஎன்பிஎஸ்சி காப்பாட்சியர் (க்யூரேட்டர்) போஸ்ட்டுக்கு படிச்சிட்டு இருக்கேன், அதான் கேக்குறேன்.

பழைய_ரிஜிஸ்டர்:
தம்பி, நான் ஒரு மாவட்ட மியூசியத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். நீங்க சொன்ன கிரேவ்லி யாரு தெரியுமா, விலங்கியல்காரர், சிலந்தி ஆராய்ச்சி பண்ணவர். ஆனா 1932ல ராமச்சந்திரனோட சேர்ந்து மியூசியத்து வெண்கலச் சிலைகளுக்கு கேட்டலாக் போட்டது அவர்தான், வெண்கலத்துல பச்சை பூத்து அரிக்கிறத சரி பண்ண 1930ல கெமிக்கல் லேப் வந்ததும் அவர் காலத்துல தான். எப்படி முடிஞ்சுது? 1920ல இருந்து 1940 வரைக்கும் ஒரே சீட்ல இருந்தார். அய்யப்பனும் கிட்டத்தட்ட 20 வருஷம், தர்ஸ்டன் 1885 டு 1908. என்ன டிகிரிங்கிறத விட எத்தனை வருஷம் இருக்காங்கங்கிறது தான் விஷயம். எங்க ஊருக்கு வர்ற ஆபீசர் ஸ்டோர் ரூம் சாவி எதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துரும்.

குரோம்பேட்டை_குமார்:
சார் சொல்றது பாதி சரி. ஆனா ஐஏஎஸ் வந்தா தான் ஃபைல் நகருது, நிதித்துறைல போய் உக்காந்து கட்டடம் ஒழுகுதுன்னு சொல்லி பணம் வாங்க ஒரு காப்பாட்சியரால முடியுமா? ஏற்கனவே இங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தர் கைல இருக்கு, எழும்பூர் அருங்காட்சியகங்கள் துறை, 2023ல திறந்த கீழடி மியூசியம் மாநில தொல்லியல் துறை, செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியம் மத்திய தொல்லியல் துறை. ஆளுக்கொரு துறை, ஆளுக்கொரு ஃபைல், கேட்டா அது எங்களது இல்லங்கன்னு ஒரு பதில்.

தேம்ஸ்_தமிழன்:
நிபுணர் வந்தா எல்லாம் சரியாகிடும்னு நினைக்காதீங்க ப்ரோ. பிரிட்டிஷ் மியூசியத்துல (நம்ம அமராவதி சிற்பங்கள்ல ஒரு பங்கு அங்க தான் இருக்கு, இன்னொரு பங்கு எழும்பூர்ல) டைரக்டரா இருந்த ஹார்ட்விக் ஃபிஷர் கலை வரலாறு படிச்சவர் தான். மேல 25 டிரஸ்டிங்க, தலைவர் பழைய நிதியமைச்சர் ஆஸ்போர்ன். டென்மார்க் பழம்பொருள் வியாபாரி ஒருத்தர் உங்க நகை ஈபேல வருதுன்னு 2021லயே எழுதிப் போட்டும் எல்லாம் சரியா இருக்குன்னு பதில் சொல்லிட்டாங்க, கடைசில பாத்தா காணாமப் போனது, திருடு போனது, சேதமானதுன்னு 2000 பொருளுக்குப் பக்கம். 2023 ஆகஸ்ட்ல ஃபிஷர் ராஜினாமா. திருடுனவனுக்கு வசதியா இருந்தது என்னன்னா அதுல நெறைய பொருள் ஒழுங்கா பதிவே ஆகல, பதிவு இல்லாத பொருள் போனா போனதுன்னு எப்படிங்க தெரியும்?

பழைய_ரிஜிஸ்டர்:
அப்படிப் போடுங்க! நான் வேலைல சேந்த முதல் வாரம் ஆக்செஷன் ரிஜிஸ்டரையும் (மியூசியத்துக்கு வர்ற ஒவ்வொரு பொருளுக்கும் நம்பர் போட்டு எழுதுற பதிவேடு) அலமாரியையும் ஒப்பிட்டுப் பாத்தேன், ஒரே நம்பர்ல ரெண்டு சுடுமண் பொம்மை, இன்னொரு நம்பருக்கு பொருளே இல்ல. மேல எழுதினேன், பதில் வர்றதுக்குள்ள ரெண்டு ஆபீசர் மாறிட்டாங்க. (கடைசில அந்தக் காணாத பொருள் கரையான் அரிச்ச ஒரு பெட்டிக்கு அடியில இருந்துச்சு, அது வேற கதை.) குமார் தம்பி, பணம் வாங்க ஐஏஎஸ் வரட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா வந்தவர் அஞ்சு வருஷமாவது இருக்கணும், சேகரிப்புக்கு பொறுப்பா துறைல வளந்த ஒருத்தர் அவருக்குப் பக்கத்துல நெரந்தரமா இருக்கணும்.

குரோம்பேட்டை_குமார்:
அஞ்சு வருஷமா, எந்த கவர்மெண்ட்ல சார் 😄

பாந்தியன்ரோடு_பையன்:
நன்றி சார், சிலந்தி மேட்டர் சுத்தமா தெரியாது. ஒரு சின்ன டவுட், இந்த ஆக்செஷன் நம்பர சிலையில எங்க எழுதுவாங்க? நான் பாத்தப்போ ஒண்ணுலயும் கண்ணுல படல.

பழைய_ரிஜிஸ்டர்:
பாக்க வர்றவங்க கண்ணுல படக்கூடாதுன்னு தான் பின்பக்கமோ பீடத்துக்கு அடியிலயோ சின்னதா எழுதுறது. அடுத்த தடவை குனிஞ்சு பாருங்க, செக்யூரிட்டி விசில் அடிச்சா என் பேர சொல்லிடாதீங்க.