கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களே, வைவாவுல (லேப் வாய்மொழித் தேர்வுல) உங்களை மடக்கின கேள்வி எது?

சேலத்துக்காரன்: நானே ஆரம்பிக்கிறேன். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சிஎஸ்இ கிடைச்சுது. இரண்டாவது செமஸ்டர்ல 'தமிழரும் தொழில்நுட்பமும்' மட்டும் நிம்மதியாப் போச்சு, மத்ததெல்லாம் இங்கிலீஷ். சி லேப் புரோகிராம்களை செமிகோலன் முதற்கொண்டு மனப்பாடம் பண்ணித்தான் எல்லாரும் உள்ளே போவோம். எக்ஸ்டர்னலா (வெளிக் கல்லூரித் தேர்வாளரா) வந்தவர் என் அவுட்புட்டைப் பார்க்கவே இல்லை. "மதிப்பை உள்ளே வாங்குற ஸ்கேன்எஃப்ல ஆம்பர்சாண்ட் (&) போட்டிருக்கே, திரையில காட்டுற பிரிண்ட்எஃப்ல ஏன் போடலை?"ன்னார். "சிண்டாக்ஸ் சார், எழுதுற விதியே அப்படித்தான்"னேன். "தமிழ்லயே யோசிச்சு சொல்லுப்பா. உனக்கு கொரியர் அனுப்பணும்னா என்கிட்ட என்ன இருக்கணும்?" அட்ரஸ்! மதிப்பைக் கொண்டுபோய் வைக்க இடம் தெரியணும். காட்டுறதுக்கு மதிப்பு மட்டும் போதும். விட்டாரா? "அப்போ ஸ்ட்ரிங் வாங்கும்போது ஆம்பர்சாண்ட் எங்கே?" ஸ்ட்ரிங்னா எழுத்துகளை வரிசையா வெச்ச அர்ரேதான்; அங்கே அர்ரேயோட பெயரே முதல் எழுத்து இருக்கிற அட்ரஸாப் போயிடுது. செமஸ்டர் முழுக்க பாய்ன்டர்னு (அட்ரஸை வெச்சிருக்கிற மாறி) எழுதினது என்னன்னு அந்த நிமிஷம்தான் விளங்குச்சு.

வடமராட்சி: நான் இலங்கையில ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) தமிழில செய்து கம்பஸுக்கு வந்தனான். விரிவுரை முழுக்க ஆங்கிலம். முதல் வருச லேபில சேர் கேட்டது இவ்வளவுதான்: "0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.3க்குச் சமனோ எண்டு பைத்தனிட்டக் கேளும்." ஃபோல்ஸ், அதாவது சமனில்லை எண்டு வந்துது. கூட்டுத்தொகையை அச்சிட்டால் 0.30000000000000004. சேர் பேனையைத் தந்து 0.1ஐத் துவிதத்துக்கு (0, 1 மட்டும் வாற எண்முறைக்கு) மாத்தச் சொன்னவர். இரண்டால பெருக்கிப் பெருக்கிப் போக 0011, 0011 எண்டு திரும்பத் திரும்ப வருது, முடியுறதே இல்லை. ஏ.எல்லில கையால செய்த அதே கணக்குத்தான். எங்கயோ வெட்டத்தானே வேணும், வெட்டின மிச்சம்தான் அந்தக் கடைசி 4. காசுக் கணக்கை ஃப்ளோட்டில (தசம எண் வகையில) வைக்காமல் சதத்தில முழு எண்ணா வைக்கிறது இதுக்காகத்தான்.

எம்சிஏ அக்கா: தம்பிங்களா, எனக்கு டேட்டாபேஸ். அட்டாமிசிட்டின்னா எல்லாம் நடக்கணும், இல்லைன்னா எதுவுமே நடக்கக்கூடாதுன்னு மூச்சுவிடாம ஒப்பிச்சேன். மேடம் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "ஏடிஎம்ல கணக்குல பணம் கழிஞ்சுது, நோட்டு வரலை. உன் அட்டாமிசிட்டி எங்கேம்மா போச்சு?"ன்னாங்க. ரோல்பேக், அதாவது நடந்ததைப் பழையபடி ஆக்கிடுவோம்னு சொன்னதும், "நோட்டு வெளிய வந்துட்டா எதை ரோல்பேக் பண்ணுவே?"

அதுக்கப்புறம் அவங்களே விளக்கினாங்க. டேட்டாபேஸ் தன் எல்லைக்குள்ள இருக்கிறதைத்தான் திரும்ப எடுக்க முடியும். நோட்டை எண்ணித் தள்ற மெஷின் அந்த எல்லைக்கு வெளியே நிக்குது. அதனால பேங்க் பழைய வரியை அழிக்காது, ரிவர்சல்னு புதுசா ஒரு வரவு போடும். பாஸ்புக்ல ரெண்டு வரியும் இருக்கும், பாருங்க. ரிசர்வ் வங்கியோட 2019 உத்தரவுப்படி, பரிவர்த்தனை நாளுக்கு அப்புறம் 5 நாளுக்குள்ள பணம் திரும்ப வரணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பாடப் புத்தகத்துல இதெல்லாம் இல்லவே இல்லை!

சேலத்துக்காரன்: அக்கா, மார்க் எவ்வளவு போட்டாங்கன்னு சொல்லாம போறீங்களே? ஆபரேட்டிங் சிஸ்டம்ல டெட்லாக் (ஒண்ணுக்காக ஒண்ணு காத்திருந்து எல்லாமே நின்னுபோறது) கேட்டு மாட்டினவங்க யாராவது இருந்தா வாங்க, எனக்கு அடுத்த வாரம் அதுதான்.