உங்கள் வீட்டுக் கணக்கு உங்கள் ஓட்டை மாற்றியதா?

எங்கள் மாமியார் இருந்தவரை வரவு செலவைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். அவருக்குப் பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. நான் நோட்டுப் போட்டு எழுதுகிறேன். 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு, அப்போது மத்தியில் ஆண்ட கட்சிக்காரர்கள் எங்கள் தெருவுக்கு (சென்னை, பெரம்பூர் பக்கம்) ஓட்டு கேட்டு வந்தார்கள். கூட வந்த தம்பி ஒருவன் நோட்டீஸைக் கையில் திணித்து, "அக்கா, சிலிண்டருக்கு நூறு ரூபாய் குறைச்சிருக்கோம், மறந்துடாதீங்க" என்றான். சரி, இருப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன்.

2020 மே மாதம் 569.50. 2023 மார்ச்சில் 1,118.50. அதே வருஷம் ஆகஸ்ட் கடைசியில் 918.50. மகளிர் தினத்துக்கு அறிவித்த நூறும் போக 818.50. கொண்டுவந்து போடுகிற அண்ணனுக்குக் கொடுக்கும் ஐம்பது இதில் சேராது, அதை நோட்டில் தனியாக எழுதுவேன். "தம்பி, நான் 1,118-ஐ ஞாபகம் வச்சுக்கணுமா, 569-ஐ ஞாபகம் வச்சுக்கணுமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். பாவம், அவன் வீட்டிலும் அம்மா திட்டிக்கொண்டுதான் இருப்பார்.

மறுநாள் எதிர்த்தரப்பு, அதாவது அப்போது மாநிலத்தில் ஆண்ட கட்சி, வந்தது. 500 ரூபாய்க்கு சிலிண்டர் என்றார்கள். "2021-ல சொன்ன நூறு ரூபாய் மானியம் என்னாச்சு?" என்றேன். ஆட்டோவில் மைக் சத்தம் கூடியது, வண்டி அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

யாருக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலையைப் பார்த்துப் போடவில்லை. விலை விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்றுதான் என்று ஆன பிறகு, வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏறியது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எப்படி?

பதில் – கோவை, வாடகை வீடு

அக்கா, உங்களுக்காவது கேட்க ஆள் தெருவுக்கு வருகிறது. எங்கள் பிரச்சினை கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு, உள்ளே சப் மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார் ஹவுஸ் ஓனர். 2022 செப்டம்பரில் அரசு கட்டணத்தை ஏற்றியதும் 10 ஆக்கிவிட்டார். அப்புறம் பெண்களுக்கு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் மகளிர் உரிமைத்தொகைக்கு மனு கொடுக்கப் போனால், வீட்டு மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது என்று நிபந்தனை. எங்கள் பெயரில் மீட்டரே இல்லை, எந்த எண்ணை எழுதுவது? முகாமில் இருந்த பெண்ணும் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார்.

தேர்தல் நேரத்தில் அதே ஓனர் திண்ணையில் உட்கார்ந்து, "கரண்ட் பில் ஏறிப்போச்சு, இவங்களுக்குப் போடாதீங்க" என்று எங்களுக்குப் புத்தி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் சொன்னதற்கு நேர்மாறாகப் போட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

பதில் – மதுரை

எங்கள் அம்மா தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறார். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது, "உங்களுக்கென்ன, நல்ல லாபம்" என்று சொல்லாத ஆள் இல்லை. விலை ஏறினால் சரக்கு எடுக்கவே முதல் பத்தாது. வாங்க வருகிறவர்களும் கிலோ கணக்கில் கேட்பதில்லை. நான்கு தக்காளியைக் கூறு கட்டி வைப்பார். சாயங்காலத்துக்குள் அதில் ஒன்று கசிந்துவிடும், அது எங்கள் வீட்டு ரசத்துக்கு. சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள் என்று டிவியில் காட்டியபோது, "நம்மகிட்ட வாங்குற நாலு பேரும் அங்க போயிடுவாங்களே" என்றார். விலைவாசிக்கு அரசு எதையாவது செய்தால்கூட எல்லோருக்கும் இனிக்காது. ஓட்டு? எப்போதும் போடும் சின்னத்துக்குத்தான் போட்டார்.

பதில் – திருவாரூர் பக்கம் ஒரு கிராமம்

எங்கள் வீட்டில் மாறியது அம்மா. 2023 செப்டம்பரில் உரிமைத்தொகையின் முதல் ஆயிரம் வந்தது. பேங்கில் மினிமம் பேலன்ஸ் இல்லையென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள், அதற்காக இரண்டு நாள் சண்டை. எண்ணெய், பருப்பு, மளிகை விலைக்கு ஆயிரம் எந்த மூலைக்கு என்று அப்பா கிண்டலடிப்பார். "மூலைக்குத்தான். ஆனா அந்த மூலை என்னோடது" என்றார் அம்மா.

அதுவரை அப்பா சொன்ன சின்னத்தில்தான் குத்துவார். அந்த முறை பூத்திலிருந்து திரும்பும் வழியில் அப்பா கேட்டார், "யாருக்குப் போட்ட?" அம்மா, "வெயில் அடிக்குது, நடங்க" என்றார். அப்பா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.