புதுப்பிப்பு: ஆசிரியர் இல்லாத நாளிலும் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க, அட்டைப்பெட்டி முறை

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் நான் நடத்தும் மாலை வகுப்பில், நான் வராத நாளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைபேசிச் செயலி ஒத்துவரவில்லை. பல வீடுகளில் இருக்கும் ஒரே கைபேசி அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது. கைகொடுத்தது தூத்துக்குடி ஆசிரியை சொன்ன அட்டைப்பெட்டிதான்: சொல் எழுதிய அட்டைகளை வைக்க, பல அறைகளாகத் தடுத்த பெட்டி. 1970களில் ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை. அட்டையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், பின்னறைகளை இடைவெளி விட்டும் பார்க்க வேண்டும். இன்று எதைப் படிப்பது என்று பெட்டியே சொல்லிவிடுவதால், என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை.

சொற்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள்: நண்டு, நங்கூரம், நீரோட்டம். தனிச்சொல்லைவிடச் சிறு வாக்கியமாக எழுதிய அட்டைகளே நினைவில் நின்றன.

எதிர்பாராதது ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டிலிருந்த விசைப்படகுக்கார அப்பாக்கள் தமிழ்ப் பக்கத்தை வாசித்துக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள்! அதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. விடையைப் பிள்ளையே திருப்பிப் பார்த்துக்கொள்ளும்.

உச்சரிப்புக்கு மட்டும் இன்னும் நான் தேவைப்படுகிறேன். கைபேசி இல்லாமல் அதற்கு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.