டிப்ளமோ முடித்த தம்பி: ஸ்ரீசிட்டி வேலையா, பி.இ.யா?

நாங்கள் இருப்பது ஆரம்பாக்கம், தடாவுக்கு இந்தப் பக்கம். தம்பி இந்த வருஷம் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தான், 81 சதவீதம். ஆந்திரா பக்கம் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னியாக எடுத்திருக்கிறார்கள், பிடித்தம் போகக் கையில் 15,000, வாரம் மாறும் ஷிப்ட், 18-ஆம் தேதிக்குள் சேர வேண்டும். இல்லையென்றால் லேட்டரல் என்ட்ரியில் நேரே பி.இ. இரண்டாம் வருஷம், இன்னும் 3 வருஷம், கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும்.

பாலிடெக்னிக் சாரிடம் கேட்டால் படிக்க வை என்கிறார். கம்பெனி சூப்பர்வைசரோ, "பி.இ. முடித்தவனும் இங்கே இதே லைன்லதான் நிக்கிறான்" என்கிறார். வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதி முடிக்கும் ஏ.எம்.ஐ.இ. பற்றி விசாரித்தோம், 2013 மே 31-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அது பட்டத்துக்குச் சமமில்லையாம், விட்டுவிட்டோம். பார்ட் டைம் பி.இ. மாலை வகுப்பு, இந்த ஷிப்ட்டுக்கு ஒத்துவராது. ரயில்வே ஜூனியர் இன்ஜினீயர் வேலைக்கு டிப்ளமோ போதும், சரி, ஆனால் குரூப் 2, பேங்க் எல்லாம் டிகிரி கேட்கிறது. (டிகிரி இல்லாதவனுக்கு யார் பெண் தருவார்கள் என்பது அம்மாவின் கவலை, அவனுக்கு வயது 19!)

ஸ்ரீசிட்டியிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ வெறும் டிப்ளமோவோடு சேர்ந்து, டிகிரி இல்லாமலே இன்ஜினீயர் கிரேடுக்குப் போனவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?